கொதிதண்ணிக்கு நிற்கிற தொட்டி

மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் போகிற பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு தகரக் கொட்டகை தெரியும். முன்னால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மலையாய்க் கிடக்கும். பக்கத்தில் எண்ணெய் கேன்கள், சாக்குச் சாக்காய்ப் பால் கவர்கள். அந்த மலைக்கு நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து, பக்கெட் துண்டு ஒன்றைக் கரும்பு கடிக்கிற மாதிரி கடித்துக்கொண்டிருந்தால் அவர்தான் கருணாகரன். பயப்பட வேண்டாம். பசியில்லை, தொழில்.

வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஏழாவதோடு சரி. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கி, அந்தக் குருணையைக் கலந்து அச்சில் வார்த்துத் தொட்டி செய்கிறார். பாத்திரம் கழுவுகிற தொட்டி, துணி ஊற வைக்கிற தொட்டி, மாட்டுத் தொட்டி. மற்றவர்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கொளுத்தி மோந்து பார்த்துத்தான் இது இன்ன ரகம் என்று சொல்வார்கள். கருணாகரனுக்குப் பல்லே போதும். பால் கவர் ரகம் மெழுகு மாதிரி அமுங்கும். எண்ணெய் கேன் ரகம் கொட்டைப்பாக்கு மாதிரி அடம் பிடிக்கும். நாற்காலி ரகம் ரோஷக்காரன், அழுத்தினால் டக்கென்று குரல் கொடுக்கும். இதை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கடித்துக் கடித்துத் தெரிந்துகொண்டது. கடைவாய்ப் பல் இரண்டு அந்தப் படிப்புக்குக் கட்டணமாகப் போயிற்று.

கலவைதான் அவருடைய சொத்து. எத்தனை டப்பா பால் கவருக்கு எத்தனை டப்பா நாற்காலி என்பது ராணுவ ரகசியம். ஒருமுறை குறிஞ்சிப்பாடிக்காரன் ஒருவன் வேலை கேட்டு வந்து, இரண்டு நாள் கண்ணால் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தன் ஊரில் அதே தொட்டியை வார்த்தான். அன்றைக்கு மனைவி செந்தாமரையின் பழைய புடவை ஒன்றைக் கொட்டகைக்குக் குறுக்கே திரையாகக் கட்டினார். அதற்குப் பின்னால் அவர் மட்டும்தான் போவார். பெயிண்ட் டப்பாவால் அளந்து அளந்து கொட்டிக் கலக்குவார். செந்தாமரை இந்தப் பக்கம் உட்கார்ந்து பால் கவர் கழுவிக்கொண்டிருப்பாள். திரை கட்டி இருபத்தோரு வருஷம் ஆகிறது. புடவை நைந்துவிட்டது, ரகசியம் நையவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கார்த்திகை மாதம் ஒரு காலையில் அமிர்தநாதன் வந்தார். அமிர்தநாதன் டவுன்ஷிப் பக்கம் கான்ட்ராக்ட் கேன்டீன் ஒன்றின் சூப்பர்வைசர். கொட்டகையின் முக்கால்வாசி வேலை அந்த ஒரு கேன்டீனை நம்பித்தான் நடந்தது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கருணா, வெளிய வாய்யா."

"வாங்க சார். இன்னா தொட்டியத் தூக்கிகினு வந்துட்டீங்க?"

"தொட்டியா? நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

கருணாகரன் பார்த்தார். ஒரு பக்கம் நிமிர்ந்திருந்தது. மறுபக்கம் சம்பள நாளில் கடையிலிருந்து வீடு திரும்புகிறவன் மாதிரி சாய்ந்து, வாய் கோணி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"செகண்ட் ஷிஃப்ட் தட்டெல்லாம் கழுவ சோடா போட்டுக் கொதிதண்ணி ஊத்துனோம். அப்புடியே மடிஞ்சு படுத்துடுச்சு. தண்ணி மொத்தமும் தரையில. கழுவுற தனம் மேடைமேல ஏறிக் குதிச்சா. அந்தம்மாவுக்கு அறுபது வயசுய்யா!"

"போன வருசம் இன்னா சொன்னீங்க? கீழ வுழுந்தா ஒடையுதுன்னு சொன்னீங்களா இல்லியா? அதான் நாற்காலியக் கொறச்சுப் பால்..." என்று ஆரம்பித்த கருணாகரன், ரகசியம் வெளியே வருகிறதே என்று மீதியை விழுங்கினார்.

அவர் தொழிலின் தலைவலியே இதுதான். நாற்காலி கூடினால் தொட்டி சூட்டுக்கு நிற்கும், கீழே விழுந்தால் உடையும். பால் கவர் கூடினால் உடையாது, சூட்டில் தொய்யும். ஒரு காலை இழுத்துப் போர்த்தினால் இன்னொரு கால் வெளியே வருகிற போர்வை. ஆயுசு முழுக்க அந்தப் போர்வையைத்தான் அவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம்" என்றார் அமிர்தநாதன். "பொங்கலுக்குள்ள நாப்பது தொட்டி. கொதிதண்ணிக்கு நிக்கணும், கீழ போட்டா ஒடையக் கூடாது. ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் எவர்சில்வருக்கு மாறிடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படாத."

கேன்டீன் போனால் கொட்டகை போயிற்று. கொட்டகை போனால் எங்கே போவது என்பதற்கும் இடம் தயாராக இருந்தது. அதுதான் கொடுமை. செந்தாமரையின் தம்பி மணிமாறன் மேல்பட்டாம்பாக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான். சேதி அவன் காதுக்கு எப்படிப் போனதோ, சாயங்காலமே போன் வந்துவிட்டது.

"மாமா, இன்னாத்துக்கு அந்தப் பொகையில கெடந்துகினு கஷ்டப்படுறீங்க? உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா? நம்ம கடைக்கு வந்துடுங்க. ஆணி நிறுத்துப் போட ஒரு ஆளு வேணும். ஃபேன் இருக்கு. மத்தியானம் ஒரு தூக்கம் கூடப் போடலாம்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்பாகச் சொன்னான். மச்சான் கடையில் ஆணி நிறுப்பதைவிட அந்த ஆணிமேல் படுத்துக்கொள்ளலாம் என்பது கருணாகரன் கட்சி. "பொங்கல் கழிச்சுப் பாக்கலாம்" என்று போனை வைத்தவர், அன்றைக்குச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரமே இன்னொரு சனியன் வந்து சேர்ந்தது. பழைய சாமான் வியாபாரி ஒரு மூட்டை கறுப்புக் குழாய்த் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டான். கருணாகரன் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். அமுங்கியது, ஆனால் பல்லை எடுத்ததும் கடித்த இடம் திரும்ப எழுந்து வந்தது. "உயிருள்ள சரக்கு!" என்று முழு மூட்டையையும் மெஷினில் கொட்டினார். உருகவில்லை. சூட்டை ஏற்றினார். உருகவில்லை. வேகாத பருப்பு மாதிரி உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. இன்னும் ஏற்றினார். புகை வந்தது, நாற்றம் வந்தது, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து நலம் விசாரித்தார்கள். மெஷினின் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் உளியால் குடைந்தார். ஹீட்டர் விற்றவனின் பரம்பரையை மூன்று தலைமுறை வரைக்கும் திட்டித் தீர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து அமிர்தநாதன் குடும்பத்தோடு அந்த வழியாக வந்தார். தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்க இறங்கினார். கூடவே மகள் வினோலியாவும் இறங்கினாள். பெரிய படிப்பு படித்த பெண். சென்னைப் பக்கம் மிளகாய்த்தூளுக்கும் ஊசி மருந்துச் சாமானுக்கும் கதிர்வீச்சு கொடுத்துப் பூச்சி, கிருமி அண்டாமல் செய்கிற ஓர் இடத்தில் வேலை பார்த்தாள். வெளியே கிடந்த கறுப்புக் குவியலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கிள், இதையா உருக்கப் பாத்தீங்க?"

"பின்ன, ஊறுகா போடவா வாங்குனேன்?"

அவள் தீப்பெட்டி கேட்டாள். ஒரு குழாய்த் துண்டை ஸ்பேனரின் கைப்பிடியில் மாட்டித் தீயைக் காட்டினாள். குழாய் உருகவில்லை, சொட்டவில்லை. கண்ணெதிரிலேயே சுருங்கிச் சுருங்கி, ஸ்பேனரைச் சட்டை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கருணாகரன் வாய் திறந்தபடி நின்றார்.

"மைன்ஸ்ல கேபிள் ஜாயின்ட் மேல போடுற குழாய் அங்கிள் இது. கதிர்வீச்சு குடுத்தது. பிளாஸ்டிக்குள்ள நீள நீளமா நூல் மாதிரி இருக்கும். சூடு பட்டா அந்த நூல் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கி ஓடும். அதைத்தான் உருகுறதுன்னு சொல்றோம். கதிர் பட்டா அங்கங்க முடிச்சு விழுந்துடும். அப்புறம் எவ்வளவு சூடு காட்டினாலும் ஓட முடியாது."

கருணாகரன் யோசித்தார். "அதாவது, தனியா திரிஞ்சிகினு இருந்த பசங்களப் புடிச்சுக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டீங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"இனிமே சூடு வெச்சாலும் நகர மாட்டான்."

"இவரு எதச் சொன்னாலும் அங்கதான் வந்து நிப்பாரு" என்றாள் செந்தாமரை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, கதிர் அடிச்சத வூட்டுல வெச்சிகினா நமக்கு எதுனா வருமா?" என்று கேட்டாள்.

"வெயில்ல காஞ்ச புடவையக் கட்டினா உங்க மேல வெயிலா அடிக்குது ஆன்ட்டி? பட்டுச்சு, போச்சு. அவ்வளவுதான்."

செந்தாமரைக்கு இது போதுமானதாக இருந்தது. கருணாகரனுக்கு அதற்குள் வேறு யோசனை ஓடிவிட்டது. சூட்டுக்கு ஓடாத பிளாஸ்டிக்! அவர் தொட்டிக்கு ஒரு தாலியைக் கட்டிவிட்டால் கொதிதண்ணி என்ன செய்யும்?

"அம்மாடி, என் தொட்டிக்கும் அடிச்சுக் குடேன்."

"எல்லா பிளாஸ்டிக்குக்கும் ஒரே மாதிரி ஆகாது அங்கிள். சிலதுல முடிச்சு விழும். சிலதுல நூலே அறுந்துபோய் உதிர்ந்துடும். ரெண்டும் கலந்திருந்தா எது எவ்வளவுங்கறதப் பொறுத்து இருக்கு. நீங்க என்னென்ன கலக்குறீங்க?"

 அமிர்தநாதன் மகளைப் பார்த்தார். செந்தாமரை பால் கவரைப் பார்த்தாள். கருணாகரன் வானத்தைப் பார்த்தார்.

"அது ஒரு மாதிரி... கைப்பக்குவம்" என்றார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. நாலு விதக் கலவையில் நாலு கிண்ணம் வார்த்து நம்பர் போட்டுத் தர வேண்டும். எந்த நம்பரில் என்ன கலவை என்று தாளில் எழுதித் தர வேண்டும். வினோலியா மேனேஜரிடம் கேட்டு, சாம்பிள் என்று சொல்லிக் கதிர் கொடுத்துக் கொண்டுவருவாள்.

கிண்ணங்களை வார்த்துவிட்டார். தாளில் எழுதுவதற்குத்தான் கை வரவில்லை. இருபத்தோரு வருஷத்து ரகசியத்தை ஒரு கோடு போட்ட தாளில் எழுதிச் சென்னைக்கு அனுப்புவதா? அங்கே எத்தனை பேர் பார்ப்பார்கள்? அவர்களில் ஒருவனுக்குக் குறிஞ்சிப்பாடியில் மாமியார் வீடு இல்லை என்று என்ன நிச்சயம்? கருணாகரன் ஒரு தந்திரம் செய்தார். நம்பர்களை மாற்றி எழுதினார். ஒன்றின் கலவையை மூன்றுக்கு, மூன்றினுடையதை இரண்டுக்கு, இரண்டினுடையதை... எப்படியோ, எல்லாவற்றையும் குழப்பி எழுதிவிட்டு, நிஜத்தை மனசுக்குள் பூட்டி வைத்தார். பூட்டிய சாவி எங்கே போயிற்று என்பது மூன்று வாரம் கழித்துத்தான் பிரச்சினையாயிற்று.

கிறிஸ்துமஸ் லீவில் வினோலியா கிண்ணங்களோடு வந்தாள். கொட்டகை வாசலில் வரிசையாக வைத்துச் செந்தாமரை கொதிதண்ணி ஊற்றினாள். மூன்றாம் நம்பர் கொஞ்சம் வளைந்தது. இரண்டாம் நம்பர் விளிம்பில் கீறல் விட்டது. ஒன்றாம் நம்பரை எடுக்கப் போனால் பொரித்த அப்பளம் மாதிரி கையோடு உதிர்ந்தது. நாலாம் நம்பர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் நின்றது. வினோலியா அதைத் தூக்கி ரோட்டில் அடித்தாள். துள்ளிக் குதித்துத் திரும்பி வந்தது.

கருணாகரன் தாளை வாங்கிப் பார்த்தார். நாலாம் நம்பருக்கு எதிரே எழுதியிருந்தது, நாற்காலி ஏழு டப்பா கலந்த அவருடைய ஸ்பெஷல். பெருமையில் நெஞ்சு விரிந்துவிட்டது. தான் மாற்றி எழுதியதே அந்த நிமிஷத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. ஜெயித்தது ஸ்பெஷல்தான், வேறு எது ஜெயிக்கும்?

"பாத்தியாம்மா? கருணாகரன் கலவைன்னா சும்மாவா?"

வினோலியாவின் முகம்தான் சரியில்லை. "நாற்காலி ரகம் கதிர் பட்டா அறுந்து உதிரும்னுதான் அங்கிள் படிச்சிருக்கோம். இது தலைகீழா இருக்கே!"

"பொஸ்தகம் எழுதுனவன் என் கொட்டகைக்கு வந்து பாத்தானா?"

அந்தப் பெண் தலையைச் சொறிந்துகொண்டே போனாள். இரண்டு நாளில் நல்ல சேதி அனுப்பினாள். ஜனவரி ஐந்தாம் தேதி ஒரு லாரியில் நாற்பது தொட்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் அந்த ஒரு தடவைதான். கருணாகரன் புடவைக்குப் பின்னால் போய், நாற்காலிக் குருணையை ஏழு ஏழு டப்பாவாக அளக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மெஷினைச் சூடேற்றிய நேரத்தில் போன் அடித்தது.

"அங்கிள், எங்க மேனேஜர் மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல. எந்தப் புத்தகத்துலயும் இல்லையே, எப்படி நாற்காலி ரகம் நின்னுச்சுன்னு கேட்டுகிட்டே இருக்கார். அச்சுல ஊத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நாலாம் நம்பர்ல நிஜமாவே ஏழு டப்பா நாற்காலிதானா? தப்பா இருந்தா நாப்பதும் அப்பளம்தான்."

கருணாகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாற்றி எழுதினோம். எதை எதற்கு மாற்றினோம்?

"பத்து நிமிசத்துல சொல்றேம்மா" என்று வைத்தார். கிண்ணங்களை எடுத்தார். என்ன பயம், பல் இருக்கிறதே? நாலாம் நம்பரைக் கடித்தார். அமுங்கியது, எழும்பியது. அந்தக் கறுப்புக் குழாய்த் துரோகி மாதிரியே இருந்தது. மூன்றைக் கடித்தார். அதுவும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு எந்தப் பக்கமும் சேராமல் இருந்தது. ஒன்றாம் நம்பரின் மிச்சத்தைக் கடித்தார். நொறுங்கி ஒரு சில்லு உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. கதிர் பட்டதும் சாமான்களெல்லாம் சொந்தக் குணத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. பல்லுக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கொளுத்தி மோந்தும் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி கருகி நாறியது.

உதட்டில் ரத்தமும் கையில் தீப்பெட்டியுமாக நின்ற புருஷனைச் செந்தாமரை பார்த்தாள்.

"இன்னா தேடிகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு."

"நாலாம் நம்பரு இன்னான்னுதானே? பால் கவரு ஆறு டப்பா, எண்ணெ கேனு மூணு, நாற்காலி ஒண்ணே ஒண்ணு. ஒங்க ஸ்பெஷலு ஒண்ணாம் நம்பரு. அதான் அப்பளமாப் போச்சே."

கருணாகரன் மெஷினை நிறுத்தினார்.

"ஒனக்கு... எப்பிடித் தெரியும்?"

"எனக்கு இன்னா காது செவிடா? பால் கவரு பொத்துனு வுழும். எண்ணெ கேனு சலசலன்னு வுழும். நாற்காலி கணீர்னு வுழும். இருவத்தோரு வருசமா நீங்க அந்தாண்ட கொட்டுறீங்க, நான் இந்தாண்ட எண்ணிகினு கீறேன். கிண்ணத்த அச்சுலேர்ந்து எடுத்து ஆணியால நம்பரு கீறுனது யாரு, நான்தானே?"

"அப்ப இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னா புடவைய அவுத்துட்டுக் கதவு போட்டுருப்பீங்க. எனக்குக் காத்து வராது."

கருணாகரன் ஒரு கவிழ்த்த கேன்மேல் உட்கார்ந்தார். குறிஞ்சிப்பாடிக்காரனுக்குப் பயந்து கட்டிய கோட்டைக்குள்ளே எதிரி முதல் நாளிலிருந்தே பால் கவர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஏதோ ஒரு நிம்மதி. போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லிடு."

"பொய் எழுதுனது நானா? நீங்களே சொல்லுங்க."

வேறு வழியில்லை.

"அம்மாடி, வினோலியா... அந்தப் பேப்பர்ல ஒரு சின்னத் தப்பு."

"எந்த நம்பர் அங்கிள் தப்பு?"

"நாலும்."

அந்தப் பக்கத்தில் அவள் யாரிடமோ சத்தமாக, "சார், நீங்க சாப்பிடலாம் சார்!" என்று சொல்வது கேட்டது.

ஏழு ஏழாக அளந்த நாற்காலிக் குருணை மூட்டைக்குத் திரும்பிப் போனது. பால் கவர் ஆறு, கேன் மூன்று, நாற்காலி ஒன்று. இந்த முறை செந்தாமரை அளந்து கொட்டினாள், கருணாகரன் கிளறினார். நாற்பத்தொரு தொட்டி வார்த்தார்கள். ஒன்று உபரி, எதற்கும் இருக்கட்டும் என்று. லாரி போயிற்று, வந்தது. தொட்டிகள் லேசாய் மஞ்சள் பூத்து, ஒரு மாதிரி கருகல் வாசனையோடு இறங்கின.

போகிக்கு முதல் நாள் கேன்டீனில் பரீட்சை. அன்றைக்குப் பார்த்து மணிமாறன், அக்காவுக்குப் பொங்கல் வரிசையாகக் கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பரீட்சை என்று கேள்விப்பட்டதும் அக்காவோடும் மாமாவோடும் அவனும் கூடவே வந்தான்.

"தொட்டி சாஞ்சா கவலப்படாதீங்க மாமா. தை ரெண்டாந்தேதி நல்ல நாளு. கடையில வந்து உக்காந்துடலாம்."

கருணாகரன் தொட்டியின் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.  ஷிஃப்ட் முடிந்து சாப்பிட வந்தவர்கள் தட்டோடு சுற்றி நின்றார்கள். பொங்கல் லீவில் வந்திருந்த வினோலியா அப்பா பக்கத்தில் நின்றாள். தனம் முன்ஜாக்கிரதையாக மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிவந்து, தளதளவென்று கொதிக்கிற சோடாத் தண்ணீரை விளிம்பு வரைக்கும் ஊற்றினார்கள். ஆவியில் தொட்டியே தெரியவில்லை. கருணாகரன் கண்ணை மூடிக்கொண்டார். 

"இறங்கலாமா?" என்று தனத்தின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தார். தொட்டி நின்றுகொண்டிருந்தது. சிப்பாய் மாதிரி விறைப்பாக இல்லை. கை வைத்தால் கொஞ்சம் இளகிக் கொடுத்தது, ஆனால் மடியவில்லை. அமிர்தநாதன் அரை மணி நேரம் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தண்ணீரைக் கொட்டச் சொல்லி, தொட்டியை மாடிப்படி உச்சியிலிருந்து தானே உருட்டிவிட்டார். படிப்படியாய்த் துள்ளிக் குதித்து வந்த தொட்டி மணிமாறனின் முழங்காலில் முட்டி நின்றது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிமாறன்தான் கொஞ்சம் நொண்டினான்.

"எடுத்துக்கிறேன், நாப்பதும்" என்றார் அமிர்தநாதன். சுற்றி நின்றவர்கள் தட்டைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். "ஏம்மா வினோ, இது எத்தனை வருஷம் வரும்?"

"பத்து வருஷம் தாராளமா வரும்ப்பா."

"அப்போ பத்து வருஷத்துக்குக் கருணா மூஞ்சில முழிக்க வேண்டியதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். கருணாகரனும் சிரித்தார், பாதி வரைக்கும். அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷமா? இத்தனை காலம் குடும்பம் ஓடியதே, தொட்டி வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக உடைந்துகொண்டிருந்ததால்தானே? இனிமேல் உடையாது. அப்படியே உடைந்தாலும் அந்தச் சில்லை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. கேன்டீனை ஜெயித்த கையோடு கேன்டீனைத் தொலைத்துவிட்டாரே!

மணிமாறனுக்கு இது இன்னும் வேகமாகப் புரிந்துவிட்டது. நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான். "அப்போ மாமா... தை ரெண்டாந்தேதி?"

கருணாகரன் கேன்டீன் வாசலில் வந்து நின்றார். டவுன்ஷிப் சாலை நேராகப் போனது. எதிரில் ஒரு கல்யாண மண்டபம். அதைத் தாண்டி ஒரு ஹாஸ்டல். அந்தப் பக்கம் இன்னொரு கான்ட்ராக்ட் கேன்டீன். எல்லா இடத்திலும் தட்டு கழுவுகிறார்கள், எல்லா இடத்திலும் எவனாவது ஒருவன் தொட்டி தொய்ந்துபோய்க் கத்திக்கொண்டுதான் இருப்பான். செந்தாமரை, மற்றதோடு வண்டியில் வந்திருந்த அந்த உபரித் தொட்டியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

கருணாகரன் அதைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"மச்சான், தொட்டிய நான் தூக்கிக்கிறேன். நீ உள்ள போயி கொதிதண்ணிய ஒரு வாளியில எடுத்துகினு பின்னாடியே வா. சிந்தாம எடுத்துகினு வாடா."